பரீத் வீட்டு ஒயர்

எங்கள் வளவில் ஐந்து வீடு. ஐந்து வீட்டு ஃபேனும் என் வீட்டுக்காரர் மூச்சில்தான் சுற்றியது. ரம்லத் கோபத்தில் பேசுகிறாள் என்று வளவில் சொல்வார்கள். கோபம் இருக்கத்தான் செய்கிறது. அதற்காகச் சொன்னது பொய்யாகிவிடாது.

மட்டாஞ்சேரி கடைத்தெருவுக்குப் பின்னால் பழைய சுக்குக் கிட்டங்கி ஒன்றைக் குறுக்கே சுவர் எழுப்பித் தடுத்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அதுதான் எங்கள் வளவு. மழை பெய்தால் சுவரில் இருந்து இன்னும் சுக்கு வாசனை வரும். முதலாளிக்குக் கலூரில் வீடு. வாடகை வாங்க மட்டும் இந்தப் பக்கம் வருவார். நாங்கள் இருக்கும் முன் அறை அந்தக் காலத்தில் கிட்டங்கிக் கணக்கப்பிள்ளை உட்கார்ந்த இடமாம். அதனால் அதற்கு மட்டும் தனி மீட்டர். மற்ற நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மீட்டர். அந்தப் பில்லை முதலாளி தன் இஷ்டத்துக்குப் பிரித்து வசூலிப்பார். ஏன் இவ்வளவு என்று கேட்டால் வேறு வீடு பார்த்துக்கொள் என்பார்.

என் வீட்டுக்காரர் பரீத் சுமைகாரர். பாதி ஆயுசு சுக்கு மூட்டை தூக்கினார். சுக்கு வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று அதில் சுண்ணாம்பு தடவுவார்கள். மூட்டையில் இருந்து தலையில், தலையில் இருந்து மூக்கில் என்று அந்தத் தூசி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. எர்ணாகுளத்து டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இந்த நுரையீரலை வைத்துக்கொண்டு எப்படி நடந்து வந்தீர்கள் என்று அவரையே கேட்டார். வீட்டுக்கே வந்து தீராத நோயாளிகளைப் பார்க்கும் பாலியேட்டிவ் ஆட்கள் ஒரு மெஷினை இரவல் கொடுத்தார்கள். சுற்றி இருக்கும் காற்றில் இருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக்கு அனுப்பும் மெஷின். ராத்திரி பகலாக அது ஓட வேண்டும். சாப்பிட, குளிக்கக் கொஞ்ச நேரம் குழாயைக் கழற்றலாம், அவ்வளவுதான் என்று அவர்களோடு வந்த சிஸ்டர் கண்டித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

மெஷின் வந்ததும் அவருக்கு மூச்சு வந்தது. பின்னாலேயே கரண்ட் பில்லும் வந்தது. அதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு மூச்சு நின்றது.

வழி காட்டியது அடுத்த வீட்டுச் சங்கரலிங்கம். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். இட்லி மாவு அரைத்துக் கவரில் கட்டி, சைக்கிளில் கடை கடையாகப் போடுகிறவர். வாய் நிறைய அக்கா, பாய் என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, உயிர் காக்குற மெஷின் இருக்குற ஏழை வீட்டுக்கு, அந்த மெஷின் இழுக்குற கரண்டுக்கு சர்க்கார் காசு வாங்காது. எழுதிக் கொடுத்தா போதும்" என்றார்.

அது எழுதிக் கொடுத்தால் நடக்கிற காரியமா? டாக்டர் சீட்டு, ரேஷன் கார்டு, முத்திரைத்தாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை. எல்லா நடைக்கும் சங்கரலிங்கம் கூடவே வந்தார். மாவு வியாபாரத்தை விட்டுவிட்டு என்னோடு கரண்ட் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் பின்னால் எல்லாம் சுலபமாக இருந்திருக்கும்.

சலுகை கிடைத்தது. மெஷின் ராத்திரி பகலாக ஓடினால் எவ்வளவு கரண்ட் ஆகுமோ அவ்வளவையும் பில்லில் கழித்துவிடுவார்கள். அதற்கு மேலே போனால் நாங்கள் கட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஆபீசில் இருந்து ஆள் வந்து, மெஷினையும் பார்த்து அக்கம்பக்கத்திலும் விசாரித்துப் புதுப்பிப்பார்கள். முதல் பில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் வந்த அன்று பரீத் அந்தச் சீட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினார். எனக்கும் வெகுநாளைக்குப் பிறகு சோறு இறங்கியது.

அந்தக் கோடையில்தான் முதல் ஒயர் வந்தது. முதலாளியின் மீட்டரில் ஏதோ பாக்கி என்று நாலு வீட்டுக்கும் கரண்ட் போய்விட்டது. கடைசி வீட்டுப் பாண்டிச்செல்விக்குக் கைக்குழந்தை. வேர்க்குரு கிளம்பி, பிள்ளை பகலெல்லாம் வீறிட்டது. அவள் எங்கள் வாசலில் வந்து நின்று, "இத்தா, ஒரு ஃபேனுக்கு மட்டும் ஒயர் தருவீங்களா?" என்று கேட்டாள். நானும் கல் இல்லை. ஜன்னல் வழியாக ஒயரை நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஜன்னல் ஒரு தடவை திறந்தால் பிறகு மூட முடியுமா? இரண்டாவது ஒயர் மாயம்மாளுக்குப் போனது. அவள் ஹோம்ஸ்டேக்காரர்களின் துணியை இஸ்திரி போட்டுக் கொடுக்கிறவள். மூன்றாவது சங்கரலிங்கத்தின் கிரைண்டருக்கு. அவருக்கு எப்படி மாட்டேன் என்பது? நாலாவது வீட்டுக்காரர்கள் கேட்கக்கூட இல்லை, பாண்டிச்செல்வியின் ஒயரில் இருந்தே இழுத்துக்கொண்டார்கள். முதலாளி பாக்கியைக் கட்டி, கரண்ட் திரும்பி வந்த பிறகும் ஒயர்கள் அப்படியே கிடந்தன. அவருடைய கரண்டுக்கு அவர் காசு கேட்பார். பரீத் கேட்கமாட்டார்.

அடுத்த பில் பெரிதாக வந்தது. நான் ஒயரையெல்லாம் பிடுங்கப் போனேன். பரீத் தடுத்தார். "இரு ரம்லத்தே, இப்பப் பிடுங்கினா என்ன நினைப்பாங்க? நான் பார்த்துக்கிறேன்" என்றார். கட்டிலை விட்டு இறங்க முடியாத மனுஷன் என்ன பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். நம்பவில்லை. ஆனால் அடுத்த பில் நிஜமாகவே குறைந்து வந்தது. நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் வளவுக்கே பரீத் மேல் அன்பு பொங்க ஆரம்பித்தது. மாயம்மாள் வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்தாள். "பாய்க்கு இன்னைக்கு முகம் தெளிஞ்சிருக்கே, உள்ளேயே எதுக்குக் கிடக்கணும், காத்தாட உக்காருங்க" என்றாள். சங்கரலிங்கம் சாயா வாங்கிவந்து கையில் கொடுத்தார். யாராவது ஒருவர் பேச்சுத்துணைக்கு வந்து உட்கார்ந்தார்கள். நான் வேலை முடிந்து வரும்போது உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், அவர் நாற்காலியில் இருப்பார். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்க் குழாயை மாட்டிக்கொள்வார். இப்போதுதான் சித்த நேரம் வெளியே வந்தேன் என்பார். உதடு கறுத்திருக்கும். சாயாவின் சூடு என்று நினைத்துக்கொள்வேன்.

நான் சுக்குப் புடைக்கிற வேலைக்குப் போகிறவள். ஒருநாள் சரக்கு வரவில்லை என்று மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சந்து திரும்பினேன். கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது. யார் வீட்டிலோ டிவி பாடியது. எங்கள் மெஷினின் சத்தம் மட்டும் இல்லை. உறக்கத்தில்கூட என் காதில் இருக்கும் சத்தம் அது. ஓடினேன். பரீத் நாற்காலியில் இருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் ஏறி இறங்கியது. எதிரே மாயம்மாள் ஊர்க்கதை சொல்லிக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டியின் விளக்கு எரிந்தது.

உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் குழாயை மாட்டினேன். அவருக்குப் பேச்சு வருவதற்கு வெகுநேரம் ஆனது.

"மெஷினை எப்ப நிறுத்துனீங்க?"

"நீ வேலைக்குப் போனதும்."

"தினமுமா?"

அவர் தலையை ஆட்டினார். பிறகு, பிள்ளைக்குச் சொல்வதைப்போல, பொறுமையாக விளக்கினார். மெஷின் ஓடாத நேரத்துக் கரண்ட் மிச்சமாம். அந்த மிச்சத்தில் வளவு ஓடுகிறதாம். பில்லும் ஏறாது, யாருக்கும் மனசும் நோகாது.

"நான் தலை கொடுக்குறேன் ரம்லத்தே" என்றார்.

இதை நான் விளக்க வேண்டும். அவருடைய சுமைகாரர் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டையோடு போகிறவன் நடுவழியில் தளர்ந்தால் 'தலை' என்று குரல் கொடுப்பான். வெறுங்கையாக வருகிறவன் எவனானாலும் ஏன் என்று கேட்காமல் தன் தலையை மூட்டைக்குக் கீழே கொடுத்துவிட வேண்டும். கொடுக்காதவனோடு யாரும் சாயா குடிக்கமாட்டார்கள். பரீத் நோயில் விழுந்த பிறகு அந்தக் கூட்டம் வெகுநாள் அவர் பங்கு மூட்டையையும் தூக்கி, கூலியை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தது. அதை வாங்கும்போதெல்லாம் அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். வாங்கி வாங்கிக் கூசிப்போன மனுஷனுக்குக் கொடுக்க ஒன்று கிடைத்துவிட்டது. தலைக்குப் பதிலாக மூச்சைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அந்தப் பெருமையைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அந்த வாரம் சிஸ்டர் வந்து, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கிளிப்பை அவர் விரலில் மாட்டிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. என்னைத் தனியே கூப்பிட்டு, "சேச்சி, இவர் மெஷின் இல்லாம இருக்காரா? இப்படியே போனா ஒருநாள் உக்காந்த இடத்துலயே முடிஞ்சிரும்" என்றாள். அதற்கு மேல் எனக்கு யார் சொல்ல வேண்டும்? நேராகச் சங்கரலிங்கத்தின் வீட்டுக்குப் போனேன். ஒயரை எல்லாரும் எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் மாவு வழித்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவி, துண்டில் துடைத்துவிட்டுத்தான் பேசினார்.

"எடுத்துரலாம் அக்கா. உங்க வீட்டுக் கரண்ட், உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு யோசிங்க. புதுப்பிக்க ஆள் வர்ற நேரம். வந்தா எங்களைத்தான் கேப்பாங்க, மெஷின் ராப்பகலா ஓடுதான்னு. ஓடுதுன்னு நாங்க சொல்லணும்ல? பாய் நாள் முழுக்க வாசல்ல உக்காந்திருக்கறதை எல்லாரும்தான் பாக்கோம். நாக்கு எல்லாருக்கும் ஒண்ணுபோல இருக்குமா?"

குரலில் துளி கோபம் இல்லை. அக்கா என்றுதான் சொன்னார். போகும்போது ஒரு கவர் மாவும் கொடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டு வந்தேன். சலுகை போனால் மெஷின் நிற்கும். சலுகை இருந்தால் இவர் மெஷினை நிறுத்துவார். எந்தப் பக்கம் போனாலும் அவர் மூச்சில்தான் கால் வைக்க வேண்டியிருந்தது.

கரண்ட் ஆபீசில் இருந்து வந்தவள் ஸுப்ரியா என்று ஒரு பெண் எஞ்சினியர். அவள் வருவதற்குள் வளவே கல்யாண வீடுபோல் ஒழுங்காகிவிட்டது. ஒயர்கள் எல்லாம் சுருட்டி மாயம்மாளின் துணி மூட்டைக்குள் போய்விட்டன. நாற்காலியை எடுத்து மறைத்தார்கள். பரீத்தைக் கட்டிலில் படுக்க வைத்துப் போர்த்தி, குழாயைச் சங்கரலிங்கமே சரியாக மாட்டிவிட்டார். மெஷின் முழு வீச்சில் ஓடியது. அவ்வளவு அக்கறையாக அவரை யாரும் கவனித்து நான் பார்த்ததில்லை.

நல்ல பெண். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். மெஷினைப் பார்த்தாள், மீட்டரைப் பார்த்தாள், வாசலில் நின்றவர்களைப் பார்த்தாள்.

"மெஷின் எப்போழும் ஓடுன்னுண்டோ?" என்று கேட்டாள்.

"ராவும் பகலும் மேடம், நிக்கறதே இல்ல" என்றார் சங்கரலிங்கம். ஆமாம் ஆமாம் என்றது வளவு. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாண்டிச்செல்வியும் தலையை ஆட்டினாள்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "சேச்சிக்கு ஏதாவது சொல்லணுமா?"

சொல்லணும். "மேடம், இவரு பகல்ல..." என்று ஆரம்பித்தேன். பரீத் போர்வைக்குள் இருந்து கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். மூட்டை தூக்கின கை, நோயிலும் அந்தப் பிடி போகவில்லை.

"பகல்லயும் ஓடுது மேடம். அதைத்தான் சொல்ல வர்றா" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்து, எழுதிக்கொண்டாள். என் முகத்தை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவள் சந்து திரும்பும்வரை நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதுப்பித்தாகிவிட்டது. மாயம்மாள் பாயசம் வைத்தாள். ஒயர்கள் ஜன்னலுக்குத் திரும்பி வந்தன. அதோடு புதிதாக ஒன்றும் வந்தது. சங்கரலிங்கம் ஒரு பழைய ஃபிரிட்ஜ் வாங்கியிருந்தார். மாவு வெயிலில் புளித்துப்போகிறதாம். நாலு பேர் அதைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் போனார்கள். பரீத் கட்டிலில் இருந்தபடியே, நிலை தட்டும், சரித்துப் பிடியுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த வெள்ளைப் பெட்டி உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஃபிரிட்ஜ் கிரைண்டரைப்போல அரைத்துவிட்டு நிற்கிற சாமான் இல்லை. அது நிற்கவே நிற்காது.

அன்று ராத்திரி அவரிடம் சண்டை போட்டேன், அழுதேன், பிள்ளைமேல் சத்தியம் கேட்டேன். பாலக்காட்டில் இருக்கும் மகள் ஆஷிஃபாவின் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தார். மறுநாள் வேலைக்குப் போகும்போது பாண்டிச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "குழாயைக் கழட்டாம நீ பாத்துக்கடி" என்றேன். "நான் இருக்கேன் இத்தா, நீங்க தைரியமாப் போங்க" என்றாள். வேலைக்குப் போகாமல் இருந்துவிட எனக்கும் ஆசைதான். போகாவிட்டால் அடுப்பு எரியாது.

சில நாள் அவர் சத்தியத்தைக் காப்பாற்றினார். நான் சந்து திரும்பும்போதே மெஷின் சத்தம் கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் மூச்சே விடுவேன்.

ஒரு சாயங்காலம் திரும்பினேன். கிரைண்டர் சத்தம் கேட்டது. ஃபேன் சத்தம், டிவி சத்தம் எல்லாம் கேட்டது. நின்றேன். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மெஷின் சத்தம் இல்லை. இந்த முறை நான் ஓடவில்லை. நடந்தே போனேன்.

பரீத் நாற்காலியில் வளவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாதி குடித்த சாயா ஆடை கட்டி இருந்தது. உள்ளே குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார். வேலை முடிந்து வந்தால் சும்மாட்டுத் துணியை அந்த ஆணியில்தான் மாட்டுவார். கையைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது. வளவில் ஒருவருக்கும் தெரியவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தார்களாம். பாண்டிச்செல்வி பிள்ளையை ஃபேனுக்குக் கீழே போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உறங்கிப்போய்விட்டாள்.

நான் போட்ட சத்தத்தில் எல்லாரும் ஓடிவந்தார்கள். அழுதார்கள். பொய்யாக அழுதார்கள் என்று சொல்லமாட்டேன். மாயம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். சங்கரலிங்கம் ஜமாத்துக்கு ஆள் அனுப்பினார், பந்தலுக்குச் சொன்னார், ஐஸ் பெட்டி வேண்டாம் என்று நான் சொன்னதும் சரி என்றார். ஆஷிஃபா வந்து சேரும்வரை வைத்திருக்க வேண்டும். அவருடைய மையத்தை முன் அறையில் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்தினார்கள். பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சாவுக்கு வந்தவர்களுக்குப் புழுங்கும் என்று அடுத்த வீட்டு ஃபேன்களையும் தூக்கிவந்து வைத்தார்கள். எல்லாம் எங்கள் ஒயரில்தான்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. முதலில் எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தேன். தலை நிமிர்ந்து பார்த்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆணியில் தொங்கிய குழாய் முனை லேசாகச் சீறியது. சங்கரலிங்கம் ஸ்விட்சுப் பக்கத்தில் நின்றார். என் கண்ணைப் பார்த்ததும் குனிந்து காதருகே வந்தார்.

"யாராவது ஆபீஸ் பக்கத்து ஆள் வந்தா ஓடிட்டிருக்கட்டும் அக்கா. இப்பத்தானே புதுப்பிச்சிருக்கு. ஆறு மாசத்துக்கு யாரும் கேக்கப்போறதில்ல. நாமளா சொல்ல வேணாம். பாய் இருந்தா அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்."

அதுதான் என்னை வெட்டியது. அவர் சொன்னது சரி. பரீத் இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார். ஓடட்டும் ரம்லத்தே, பிடுங்கினால் என்ன நினைப்பார்கள் என்று சொல்லியிருப்பார். செத்த பிறகும் அவர் தலையைத் தங்கள் மூட்டைக்குக் கீழே வைத்திருக்கப் பார்த்தார்கள். அவரும் கொடுத்துக்கொண்டே கிடந்திருப்பார்.

நான் எழுந்தேன். பெண்கள் வழி விட்டார்கள், முகம் கழுவப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். மீட்டருக்குக் கீழே இருக்கும் மெயினைப் பிடித்து இறக்கினேன்.

மெஷின் நின்றது. அறை ஃபேன் சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றது. அடுத்த வீட்டில் டிவி நின்றது. கடைசியாக ஃபிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவர் செத்ததைப் பார்த்தபோதுகூட அந்த முகங்கள் அப்படி இல்லை. கடைசி வீட்டில் பாண்டிச்செல்வியின் பிள்ளை வீறிட ஆரம்பித்தது.

"அக்கா" என்றார் சங்கரலிங்கம். இந்த முறை அவர் குரல் மாறியிருந்தது.

மெயினுக்கு முதுகைக் கொடுத்து, தரையில் என் வீட்டுக்காரர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். பிள்ளை அழுதது. எல்லாருக்கும் வியர்க்க ஆரம்பித்தது. ஆஷிஃபா வரும்வரை நான் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.